இருப்புப்பாதையை அமைத்தவர் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மனித உழைப்பு இப்பூமியின் மேற்பரப்பில் ஏற்படுத்திய மாற்றங்களுள் இருப்புப்பாதையின் பரம்பலுக்கு நிகரானவை மிகச் சிலவே. 1825 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ரொக்ரனுக்கும் டார்லிங்ரனுக்குமிடையே நிலக்கரி ஏற்றுவதற்கெனத் திறக்கப்பட்ட சிறு பாதையும், 1830 ஆம் ஆண்டில் லிவர்பூலையும் மாஞ்செஸ்ரரையும் இணைத்த பாதையுமே அதன் தொடக்கமாகும். 1850 அளவில் பிரித்தானியாவில் மாத்திரம் ஏறத்தாழ 6,000 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போடப்பட்டுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே 1860 இல் 30,000 மைலாக இருந்த பாதை நூற்றாண்டின் முடிவில் 190,000 மைலைத் தாண்டிற்று. 1853 இல் பொம்பாயிலிருந்து தானாவரை 21 மைலோடு தொடங்கிய இந்தியப் பாதை 1900 இல் ஏறத்தாழ 25,000 மைலாக வளர்ந்திருந்தது. ருஷ்யாவில் அதே ஆண்டளவில் 30,000 மைலுக்கு மேல் இருந்தது.

இத்துணைப் பெரிய மாற்றம் இலக்கியத்தைத் தொடாது சென்றிருத்தல் இயலாது. அந்நூற்றாண்டின் ஐரோப்பியக் கவிஞரும் நாவலாசிரியரும் புகையிரதத்தை வியந்தனர், வெறுத்தனர், அதற்கு அஞ்சினர். தம் கதைமாந்தரை அதில் ஏற்றினர். சிலரை அதன் சில்லுகளின் கீழ் மாளவும் செய்தனர். அவ்விலக்கியத்தை இன்று திரும்ப நோக்கும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வெழுத்தாளர்கள் எங்கே நின்று புகையிரதத்தைப் பார்த்தனர்? வண்டியின் யன்னலோரத்திலிருந்தா, நிலைய மேடையிலிருந்தா, அல்லது மண்ணை வெட்டி அணை கட்டியவனின் பக்கத்திலிருந்தா?

ருஷ்யக் கவிஞர் நிக்கொலாய் நெக்ராசோவ் 1864 ஆம் ஆண்டில் எழுதிய 'இருப்புப்பாதை' என்னும் கவிதை இக்கேள்வியை நேரே எழுப்புகின்றது. அக்கவிதையை மையமாகக் கொண்டு, நமது முற்போக்கு விமர்சனத்தில் இன்னும் தீராதிருக்கும் ஒரு பிரச்சினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உழைப்பாளரைப் பற்றிய இலக்கியம் அவர்களது வெற்றியோடுதான் முடிதல் வேண்டுமா என்பதே அப்பிரச்சினை.

இலக்கியத்துக்குச் செல்லுமுன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியம். இருப்புப்பாதைக்கு மூலதனம், நிலம், உழைப்பு என்னும் மூன்றும் வேண்டியிருந்தன. முதலிரண்டுக்கும் கணக்கு உண்டு. 1840களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தைப் பீடித்த பங்கு மோகத்தின்போது, 1846 ஆம் ஆண்டில் மாத்திரம் 250க்கும் மேற்பட்ட இருப்புப்பாதைச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. அமெரிக்காவில் 1862 ஆம் ஆண்டின் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டம், கம்பனிகள் அமைக்கும் ஒவ்வொரு மைல் பாதைக்கும் இவ்வளவு நிலம் எனப் பொதுநிலத்தை வாரி வழங்கிற்று. இந்தியாவிலே ஆங்கிலக் கம்பனிகளின் முதலீட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து வீத வட்டி அரசினால் உத்தரவாதம் செய்யப்பட்டது. வருமானம் குறைந்தபோது அக்குறையை நிரப்பியது இந்தியக் குடியானவனின் வரிப்பணமே.

மூன்றாவதாகிய உழைப்பின் கதை வேறு. 1847 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாதை வேலைகளில் ஏறத்தாழ 250,000 பேர் ஈடுபட்டிருந்தனர். மண்வெட்டி, குந்தாலி, வெடிமருந்து, தள்ளுவண்டி ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் மலைகளைக் குடைந்தனர், பள்ளத்தாக்குகளை நிரப்பினர். 1839 தொடக்கம் 1845 வரை குடையப்பட்ட உட்ஹெட் சுரங்கத்திலே 32 பேர் மாண்டனர். அங்கு கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும், வேலை செய்தோரின் தொகையோடு ஒப்பிடுமிடத்து, வாட்டர்லூப் போரில் ஏற்பட்ட சேதத்தையும் விஞ்சினர் என எட்வின் சட்விக் சுட்டிக்காட்டினார். பல இடங்களில் கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை. ஒப்பந்தகாரனின் கடையிலேயே பொருள் வாங்குவதற்கான சீட்டாகக் கொடுக்கப்பட்டது. 1846 இல் ஒரு பாராளுமன்றக் குழு இவற்றையெல்லாம் விசாரித்து அறிக்கை சமர்ப்பித்தது. பாதைச் சட்டங்களுக்கு நேரமிருந்த அப்பாராளுமன்றத்துக்கு அவ்வறிக்கையை விவாதிக்க நேரமிருக்கவில்லை.

அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கறுத்த முதற்பாதை 1869 மே 10 ஆம் திகதி யூற்றாப் பிரதேசத்தின் புரொமொன்ரரியில் இணைக்கப்பட்டது. அதன் மேற்குப் பகுதியிலே பனிமலைகளைப் பிளந்து வழி சமைத்தோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர், அவர்கள் பல்லாயிரவர். அன்று எடுக்கப்பட்ட உலகப் புகழ்பெற்ற புகைப்படத்திலே இரு இயந்திரங்களும் உண்டு. கைகுலுக்கும் பொறியியலாளரும் உண்டு. மதுப் போத்தல்களும் உண்டு. சீனரின் முகத்தைக் காண்பதோ அரிது. இப்புகைப்படத்துக்கு நேர்ந்த குறை அக்கால இலக்கியத்துக்கும் நேர்ந்ததா என்பதை இனிப் பார்ப்போம்.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் 1844 ஆம் ஆண்டில் கெண்டலிலிருந்து வின்டமியருக்குப் போடப்படவிருந்த பாதையை எதிர்த்து ஒரு கவிதையும் பத்திரிகைக்குக் கடிதங்களும் எழுதினார். இயற்கையின் தனிமையைக் காக்கவேண்டும் என்னும் அவரது கவலை போலியானதன்று. ஆயினும் தொழிற்சாலைத் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வந்து அந்த ஏரிகளைப் பார்ப்பதால் அவர்களுக்கு நன்மை விளையாது என்றும் அவர் வாதிட்டார். ஏரியை இரசிக்கும் பக்குவம் யாருக்கு உண்டு என்பதைத் தாமே தீர்மானித்துக்கொண்ட கவிஞரை இங்கு காண்கிறோம். இளமையில் பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்ற அதே கவிஞர் இவ்வாறு எழுதியமை நமது சிந்தனைக்குரியது.

டிக்கன்ஸ் வேறு தரத்தவர். 1846 தொடக்கம் 1848 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவரது 'டொம்பியும் மகனும்' நாவல், ஆங்கில இலக்கியத்தில் இருப்புப்பாதையை அதன் முழுப் பரிமாணத்தோடு கண்ட முதல் நாவல்களுள் ஒன்றாகும். லண்டனின் கம்டன் நகர்ப் பகுதியிலே 'ஸ்ராக்ஸ் தோட்டம்' என்னும் ஏழைக் குடியிருப்பின் ஊடாகப் பாதை வெட்டப்படுகிறது. பூகம்பம் நிகழ்ந்ததுபோல் வீடுகள் சரிகின்றன, தெருக்கள் பிளக்கின்றன. சில காலத்தின் பின் அத்தோட்டம் இருந்த சுவடே இல்லை. அவ்விடத்தில் களஞ்சியங்களும் புதிய வீதிகளும் எழுந்து நிற்கின்றன. அழிவும் ஆக்கமும் ஒன்றாக நிகழ்வதை டிக்கன்ஸ் அழகாகக் காட்டினார். எரியூட்டுபவனாக வேலைபெறும் ரூடில் என்னும் தொழிலாளியை அன்போடு படைத்தார். ஆனால் அந்தப் பூகம்பத்தை நிகழ்த்திய கைகள் எங்கே? வீடுகள் தாமாகவே வீழ்வன போலவும் குழிகள் தாமாகவே தோன்றுவன போலவும் அப்பகுதி எழுதப்பட்டுள்ளது. மண் வெட்டுவோர் அங்கே ஒரு மதுச்சாலையின் பெயர்ப்பலகையிலேதான் தலைகாட்டுகின்றனர். பாராளுமன்றக் குழு அவர்களது துயரைப் பதிவுசெய்த அதே 1846 ஆம் ஆண்டிலே இந்நாவல் வெளிவரத் தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

ரோல்ஸ்ரோயின் 'அன்னா கரினினா' 1875 தொடக்கம் 1877 வரை வெளிவந்தது. அதன் தொடக்கத்திலேயே மொஸ்கோ நிலையத்தில் ஒரு காவலாளி பின்னோக்கி வந்த வண்டியில் நசுங்கி இறக்கிறான். பெரிய குடும்பத்தின் ஒரே ஆதாரம் அவன். விரொன்ஸ்கி அவனது மனைவிக்கு 200 ரூபிள் கொடுக்கிறான். அன்னாவோ அம்மரணத்தைத் தனக்கு நேரவிருக்கும் ஒரு தீக்குறியாகக் கொள்கிறாள். நாவலின் இறுதியில் அன்னாவும் அவ்வாறே மாள்கிறாள். உலக இலக்கியத்தின் சிறந்த அமைப்புகளுள் ஒன்று இது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அக்காவலாளிக்குப் பெயரில்லை. அவனது மரணம் ஓர் உயர்குலப் பெண்ணின் மரணத்துக்கு முன்னறிவிப்பாக அமைவதோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. அந்த 200 ரூபிளின் பின் அவனது பிள்ளைகள் என்னவானார்கள் என்பது நாவலின் அக்கறைக்கு அப்பாற்பட்டது.

எமிலி ஸோலா 1890 இல் வெளியிட்ட 'மனித மிருகம்' என்னும் நாவலுக்காகத் தாமே இயந்திரத்தில் ஏறிப் பயணம் செய்து வேலையை அவதானித்தார். பாரிசுக்கும் லு ஹாவ்ருக்குமிடையே ஓடும் இயந்திரத்தின் சாரதியும் எரியூட்டுபவனும், பனியிலே சிக்கிக்கொண்ட வண்டியும், சமிக்ஞை விளக்குகளும் அந்நாவலில் உயிரோடு உள்ளன. இறுதியிலே சாரதியும் எரியூட்டுபவனும் சண்டையிட்டு வீழ்ந்து மடிய, சாரதியில்லாத வண்டி 1870 ஆம் ஆண்டுப் போருக்குச் செல்லும் படையினரைச் சுமந்துகொண்டு இருளில் விரைகிறது. இரண்டாம் பிரெஞ்சுச் சாம்ராச்சியத்தின் முடிவைக் குறிக்க இதனினும் வலிய படிமம் கிடைத்தல் அரிது. ஆனால் சாரதி லான்ரியேயின் கேட்டுக்குக் காரணமாக ஸோலா காட்டுவது பரம்பரையாக இரத்தத்தில் வந்த கொலைவெறியையே. தொழிலாளியின் வேலையை இவ்வளவு நுணுக்கமாகக் கண்ட கண், அவனது துன்பத்தின் வேரைத் தேடும்போது சமூகத்தை விட்டு உடற்கூற்றுக்குள் புகுந்துவிடுகிறது. இயற்பண்புவாதத்தின் வலிமையும் வரம்பும் ஒருங்கே தெரியும் இடம் இது.

இவ்விரு நாவல்களுக்கும் முன்னரே, 1864 இல், நெக்ராசோவ் பாதையை வேறோரிடத்தில் நின்று பார்த்துவிட்டார். அவர் பாடிய பாதை சென் பீற்றர்ஸ்பேர்க்கையும் மொஸ்கோவையும் இணைப்பது. ஏறத்தாழ 400 மைல் நீளமுடையது. 1842 இல் முதலாம் நிக்கொலாஸ் சக்கரவர்த்தி அதற்கு ஆணையிட்டார். 1851 இல் அது திறக்கப்பட்டது. மெல்னிக்கோவ், கிராப்ட் என்னும் ருஷ்யப் பொறியியலாளர் இருவர் அதை வகுத்தனர். அமெரிக்கப் பொறியியலாளர் ஜோர்ஜ் விஸ்லர் ஆலோசகராக இருந்து, வேலை முடியுமுன்னரே 1849 இல் இறந்தார். மண்வேலை செய்தோரோ குடியானவர். அவர்களுட் பெரும்பாலார் பண்ணையடிமைகள். பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1861 இலே தான். வேலை நடந்த காலம் முழுவதும் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமையில் இருந்தவர் பிரபு கிளைன்மிக்கேல்.

கவிதை ஒரு சிறு உரையாடலோடு தொடங்குகிறது. வண்டியிலே வான்யா என்னும் சிறுவன் தன் தந்தையிடம், இப்பாதையை அமைத்தவர் யார் என்று கேட்கிறான். ஜெனரலாகிய தந்தை பிரபு கிளைன்மிக்கேலின் பெயரைச் சொல்கிறார். அதே வண்டியிற் செல்லும் கவிஞர் இப்பதிலைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாதவராகிறார். வெளியே இலையுதிர்கால நிலவொளி. நாட்டின் அழகில் முதலில் மனந்தோய்கிறார். பின்னர் சிறுவனுக்கு உண்மையைச் சொல்ல முற்படுகிறார். பசி என்னும் ஓர் அரசனே மக்களை இங்கு துரத்திவந்தான் என்கிறார். பாதையின் இருமருங்கிலும் மாண்டவர்களின் கூட்டம் எழுந்து வண்டியோடு ஓடிவருகிறது. வெயிலிலும் பனியிலும் முதுகொடிந்ததையும், நிலக்குழிகளிற் கிடந்து முரசு கரைக்கும் நோயால் வாடியதையும், எழுத்தறிந்த கங்காணிகள் தம்மைக் கொள்ளையிட்டதையும், அதிகாரிகள் சவுக்கால் அடித்ததையும் அவர்கள் பாடுகின்றனர். அக்கூட்டத்திலே வீங்கிய கால்களோடு நிற்கும் ஒரு பெலோருஷ்யன் எவரையும் பாராது, வாய்திறவாது, இறுகிய மண்ணைத் துருப்பிடித்த மண்வெட்டியால் இன்னும் கொத்திக்கொண்டே இருக்கிறான்.

இந்தக் கவிதைக்கும் வேர்ட்ஸ்வேர்த்தின் எதிர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலிற் கவனித்தல் வேண்டும். நெக்ராசோவ் இருப்புப்பாதையை வெறுக்கவில்லை. அது நாட்டுக்குத் தேவை என்பதையும், அது பெரும் சாதனை என்பதையும் ஏற்றுக்கொண்டே பாடுகிறார். சாதனை பெரிது என்பதாலேயே அதன் உரிமையாளர் யார் என்னும் கேள்வியும் பெரிதாகிறது. 1853 இல் இந்தியாவைப் பற்றி நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கட்டுரையிலே கார்ல் மார்க்ஸ் கொண்ட நிலைப்பாடும் இத்தகையதே. பாதைகள் நவீன கைத்தொழிலுக்கு வழிதிறக்கும் என்றும், ஆயின் அதிகாரம் கைமாறும்வரை அதன் பயனை இந்திய மக்கள் பெறமாட்டார் என்றும் அவர் எழுதினார். இயந்திரத்தைச் சபிப்போர்க்கும், கண்மூடித்தனமாகப் போற்றுவோர்க்கும் இடையே ஒரு மூன்றாவது நிலை உண்டு என்பதை, ஒருவர் பொருளியலாலும் மற்றவர் கவிதையாலும் காட்டினர்.

கவிதையின் நடுவே வண்டி ஊதுகிறது, இறந்தோர் மறைகின்றனர். சிறுவன் தான் கண்ட கனவைச் சொல்ல, ஜெனரல் சிரிக்கிறார். ரோமாபுரியின் கொலோசியத்தையும் வத்திக்கானையும் வியன்னாவின் தேவாலயத்தையும் தாம் பார்த்ததாகவும், அவற்றையெல்லாம் இந்த மக்களா படைத்தார்கள் என்றும் அவர் கேட்கிறார். அப்பொலோவின் சிலையைவிட அடுப்பிலேற்றும் பானையே பெரிதென எண்ணும் கூட்டம் அது. அழிக்கத் தெரியுமேயன்றி ஆக்கத் தெரியாது என்பது அவர் வாதம். குழந்தைக்குச் சாவையும் துன்பத்தையும் காட்டாமல் வாழ்க்கையின் ஒளிமிக்க பக்கத்தைக் காட்டும்படி கவிஞருக்குப் புத்திமதியும் சொல்கிறார்.

இந்த ஜெனரல் ருஷ்யாவோடு முடிந்துபோனவரல்லர். கலை கலைக்காகவே என்று நம்மிடையே பேசியோரும் பேசுவோரும் அவரது வாதத்தையே மெல்லிய சொற்களில் திரும்பச் சொல்கின்றனர். கூலிக்காரனின் முதுகுவலி கவிதைக்குப் பொருளாகாது, அழகே நிரந்தரமானது, துன்பத்தை எழுதுவது பிரசாரம் என்பன அவர்களது கொள்கைகள். கொலோசியத்தின் கல்லைச் சுமந்தவன் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் அழகைப் பற்றிய அவர்களது இலக்கணம் முழுவதையும் திருத்தவேண்டி வரும். 'குழந்தைகளுக்குச் சமர்ப்பணம்' என்னும் குறிப்போடு 1865 இல் 'சமகாலத்தவன்' என்னும் சஞ்சிகையில் இக்கவிதை வெளிவந்தபோது, ஜெனரலின் வாதத்தை அரசின் தணிக்கையாளரும் ஏற்றுக்கொண்டனர். இக்கவிதையின் பொருட்டு அச்சஞ்சிகைக்கு உத்தியோகபூர்வமான எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சஞ்சிகையே மூடப்பட்டது. பிரபுவின் பெயரைச் சொல்லும் பதிலை மறுப்பது எத்துணை ஆபத்தான காரியமென்பதை அதிகாரவர்க்கம் நன்கு உணர்ந்திருந்தது.

இனி, நமது நண்பர்கள் சிலர் எழுப்பக்கூடிய ஆட்சேபத்துக்கு வருவோம். ஒளிமிக்க பக்கத்தைக் காட்டச் சொன்ன ஜெனரலுக்குக் கவிஞர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். வேலை முடிந்துவிட்டது. மாண்டவர் புதைக்கப்பட்டனர், நோயாளிகள் குழிகளில் மறைக்கப்பட்டனர். எஞ்சியோர் கணக்குத் தீர்ப்பதற்குக் கந்தோரின் முன் திரள்கின்றனர். கங்காணிகள் புத்தகத்தைத் திறக்கின்றனர். குளிக்கச் சென்ற நாளும் நோயிற் படுத்த நாளும் கழிக்கப்பட, ஒவ்வொருவனும் ஒப்பந்தகாரனுக்குக் கடன்பட்டவனாகவே நிற்கிறான். தடித்த ஒப்பந்தகாரன் வருகிறான்; வியர்வையைத் துடைத்துக்கொள்கிறான்; ஒரு பீப்பாய் மதுவைக் கொடுத்து, நிலுவையையும் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கிறான். மக்கள் ஆரவாரிக்கின்றனர். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவனது வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு பாதை வழியே ஓடுகின்றனர். இதைவிட மகிழ்ச்சியான காட்சியை வரைய முடியுமா என்னும் கேள்வியோடு கவிதை முடிகிறது.

சுரண்டப்பட்டோர் சுரண்டுபவனை வாழ்த்துவதோடு முடியும் கவிதை முற்போக்கானதா? உழைப்பாளியைத் தாழ்த்தும் தோல்விமனப்பான்மை அல்லவா இது? இவ்வாறு கேட்போர் உளர். கதை முடியுமுன் வேலைநிறுத்தம் வெடிக்கவேண்டும், கொடி உயரவேண்டும் என்று ஒரு காலத்தில் நமது விமர்சகர்கள் பலர் எதிர்பார்த்தனர். அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றுவதற்காக எழுதப்பட்ட கதைகள் எத்தனையோ. அவற்றுட் பெரும்பாலானவை மறக்கப்பட்டன. நெக்ராசோவின் கவிதையோ இன்றும் வாசிக்கப்படுகிறது. இதற்குக் காரணம் என்ன?

முதற்காரணம் வரலாற்று உண்மை. 1851 இல் ருஷ்யப் பண்ணையடிமை, தன்னை ஒரு வர்க்கமாக உணர்ந்தவனல்லன். கணக்குப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதவன் அவன். வாசிக்கத் தெரிந்த கங்காணியை எதிர்க்க அவனிடம் சங்கமில்லை. அவனைக் கொண்டு அன்று கொடி ஏந்தச் செய்திருந்தால் கவிஞர் அவனை மதித்தவராகார். தம் விருப்பத்தை அவன்மேல் ஏற்றியவரே ஆவார். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சுரண்டல் சவுக்கினால் மாத்திரம் நடைபெறுவதில்லை, சம்மதத்தினாலும் நடைபெறுகிறது. தன்னுடைய கூலியையே திருடி அதில் ஒரு பங்கை மதுவாகத் திருப்பிக் கொடுப்பவனை வள்ளலென வாழ்த்தும் நிலைக்கு மனிதன் எவ்வாறு கொண்டுவரப்படுகிறான் என்பதை அந்த ஒரு காட்சி விளக்கிவிடுகிறது. சவுக்கடியைக் காட்டும் கவிதை இரக்கத்தை உண்டாக்கும். இக்காட்சியோ நம்மைச் சிந்திக்க வைக்கிறது, ஆத்திரப்படவும் வைக்கிறது.

நம்பிக்கை அக்கவிதையில் இல்லாமலில்லை. மக்கள் எல்லாவற்றையும் தாங்கித் தமக்கென ஓர் அகன்ற பாதையை அமைத்துக்கொள்வர் என்று கவிஞர் நடுப்பகுதியில் கூறுகிறார். ஆயின் அக்காலத்தைக் காணும் பேறு தமக்கும் அச்சிறுவனுக்கும் கிட்டாது என்று வருந்தவும் செய்கிறார். 1905 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ருஷ்யாவைச் செயலிழக்கச் செய்த பொது வேலைநிறுத்தம் புகையிரதத் தொழிலாளரிடமிருந்தே தொடங்கிற்று. ஒப்பந்தகாரனின் வண்டியை இழுத்தவர்களின் பேரர்கள் சக்கரவர்த்தியின் வண்டிகளை நிறுத்தினர். நெக்ராசோவ் அதைக் கண்டாரல்லர். முடிவிலே பொய்யான வெற்றியை வைக்காத கவிதைதான், உண்மையான வெற்றி வந்தபோது பொருந்தி நின்றது.

அவ்வரலாறு அத்தோடு நிற்கவில்லை என்பதையும் நாம் நேர்மையோடு சொல்லவேண்டும். 1947 தொடக்கம் 1953 வரை, ஸ்ராலினின் ஆட்சியிலே, வடதுருவ வட்டத்தை ஒட்டி சலெகார்டிலிருந்து இகார்க்காவை நோக்கிப் போடப்பட்ட பாதையில் பல்லாயிரம் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். ஸ்ராலின் இறந்தபின் அப்பாதை முடிக்கப்படாமலே கைவிடப்பட்டது. உழைப்பாளரின் பெயரால் ஆண்ட ஓர் அரசின் முன்னும் வான்யாவின் கேள்வியைக் கேட்கவேண்டியிருந்தது. கேட்க அனுமதி இருக்கவில்லை. இதைச் சொல்ல நாம் தயங்குவோமானால், ஜெனரலைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை இழந்துவிடுவோம்.

இவ்வளவும் கூறியபின் கவிதையின் குறைகளையும் காட்டுதல் விமர்சகனின் கடமை. பொறியியலாளரின் அறிவுழைப்புக்கு இக்கவிதையில் இடமில்லை. மெல்னிக்கோவும் கிராப்டும் இன்றி அப்பாதை எழுந்திராது. மேலும், நோயுற்ற பெலோருஷ்யனைக் காட்டிய கையோடு, உழைக்கும் அந்த உயர்ந்த பழக்கத்தை நாமும் கைக்கொள்வோம் என்று சிறுவனுக்குக் கவிஞர் உபதேசிக்கிறார். ஆனால் நம் கண்முன் நிற்பவனோ அதே உழைப்பினால் உணர்வு மரத்து, பேச்சிழந்து, இயந்திரம்போல் ஆகிவிட்டவன். உழைப்பு மனிதனை உயர்த்துகிறது என்னும் கருத்தும், உழைப்பு மனிதனைச் சிதைக்கிறது என்னும் காட்சியும் இங்கே மோதுகின்றன. தனக்கு உரித்தாகும் உழைப்புக்கும் தன்னிடமிருந்து பறிக்கப்படும் உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டிலேயே தம் குறிப்புகளில் ஆராய்ந்திருந்தார்; ஆனால் அக்குறிப்புகள் 1932 வரை முழுமையாக அச்சேறவில்லை. நெக்ராசோவ் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. எனினும் உபதேசத்தைவிடக் காட்சியே மனதில் நிற்குமாறு எழுதியிருப்பது அவருடைய கவித்துவத்தின் வெற்றி.

நமது நாட்டின் இருப்புப்பாதையும் அதே நூற்றாண்டின் பிள்ளைதான். 1858 ஓகஸ்ட் 3 ஆம் திகதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1867 இல் வண்டி கண்டியை அடைந்தது. பாதையின் நோக்கம் மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவது. வேலையை முடித்த ஒப்பந்தகாரரான ஃபேவியல், பொம்பாய் – தானாப் பாதையை அமைத்த ஒப்பந்தகாரர்களுள் ஒருவர். மூலதனத்தைப் போலவே ஒப்பந்தகாரரும் சாம்ராச்சியத்தினுள் நாடுவிட்டு நாடு சென்றனர். ஆளுநரின் பெயரும் ஒப்பந்தகாரரின் பெயரும் ஏட்டில் உள்ளன. கடுகண்ணாவைச் சரிவிலே பாறையைப் பிளந்தவர்களின் பெயர்களை எந்தப் பாடநூலும் மாணவனுக்குச் சொல்வதில்லை. அப்பாதை எந்தத் தோட்டங்களுக்காகப் போடப்பட்டதோ, அத்தோட்டங்களிலே நெக்ராசோவின் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு சகோதரனும் இருந்தான். தொழிலாளி பெரிய கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' அவனைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு மாற்றியது. 1921 இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நமது வகுப்பறைகளிலே, கண்டிப் பாதையை அமைத்தவர் யார் என்று கேட்டால் மாணவர்கள் ஆளுநரின் பெயரைச் சொல்கின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். அந்தப் பதில் ஜெனரல் தன் மகனுக்குச் சொன்ன பதிலிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று. ஆசிரியர்களாகிய நமக்கும், எழுதப் புகும் இளைஞர்களுக்கும் நெக்ராசோவ் விட்டுச்சென்ற வேலை அங்கிருந்தே தொடங்குகிறது. உழைத்தவனைத் தேடிச் செல்லுதல் வேண்டும். அவன் நின்ற இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும். அவன் ஆரவாரித்தபோது ஆரவாரித்தான் என்றும், எதிர்த்தபோது எதிர்த்தான் என்றும் உள்ளபடியே எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஒரு பக்கம், விருப்பத்தினால் சோடிக்கப்பட்ட நூறு வெற்றி முடிவுகளைக் காட்டிலும் உழைக்கும் மக்களுக்குப் பயன்படும்.